போவாரும் போனாரும்

"ஹீ கோஸ் டு வவுனியா." கொழும்பில் ஒரு விசாரணை மேசையில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் சொன்ன இந்தச் சின்ன வாக்கியத்தால்தான் அந்தப் பெண் என் வகுப்புக்கு வந்தார்.

நான் அப்போது கண்டியில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை பின்னேரங்களில், தேவாலயம் ஒன்றின் பின்புறத்தில் இருந்த மண்டபத்தில் பெரியவர்களுக்கும் ஒரு வகுப்பு நடத்தினேன். கடைக்காரர்கள், அரசாங்கக் கந்தோர்களில் வேலை செய்பவர்கள், வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் போக விசாவுக்குக் காத்திருந்த தாய்மார் என்று ஒரு கலவையான கூட்டம். மழைக்காலத்தில் மண்டபத்தின் தகரக் கூரை போடும் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்காது. கரும்பலகையில் எழுதிக் காட்டியே அந்த நாட்களை ஓட்டுவோம்.

அவர் வந்ததும் அப்படி ஒரு மழை நாளில்தான். குடையை வாசலில் சாய்த்து வைத்துவிட்டு நேரே என் மேசைக்கு வந்தார்.

"மிஸ், எனக்கு இங்கிலீஸ் முழுசா வேணாம். என் வீட்டுக்காரரப் பத்திப் பேசுற அளவுக்கு வந்தாப் போதும்."

வகுப்பு முடியும்வரை இருங்கள் என்றேன். இருந்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

என் வயதுதான் இருக்கும் அவருக்கு. பாட்டன் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்து கண்டி நகரத்தில் கடை வைத்த குடும்பம். எண்பத்து மூன்று இனக் கலவரத்தில் அந்தக் கடை எரிந்த பிறகு கட்டுகஸ்தோட்டையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். கணவர் மரக்கறி லொறி ஓட்டுபவர். அவர் பாதை தம்புள்ளை, மாத்தளை, கண்டி. போர் நடந்த வடக்கின் எல்லையில் இருந்த வவுனியாவுக்குப் போகிற லொறியை வேறொரு சாரதி ஓட்டினார். ஒரு நாள் அந்தச் சாரதிக்குக் காய்ச்சல். லொறி முதலாளி கேட்டதற்காக இவர் கணவர் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வவுனியா போனார். மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் இராணுவச் சோதனைச் சாவடியில் அவரைப் பிடித்தார்கள். அதன் பிறகு வீட்டுக்கு வரவில்லை. வழக்கும் இல்லை, குற்றப்பத்திரமும் இல்லை. தடுப்பு முகாம் ஒன்றில் வைத்திருந்தார்கள். காய்ச்சல்காரச் சாரதி இந்தச் செய்தி கேட்டதும் எங்கேயோ போய்விட்டார். சாட்சி சொல்ல அவரைத் தேடியும் கிடைக்கவில்லை.

தடுத்துவைக்கப்பட்டவர்களின் சங்கதியைக் கேட்க ஒரு குழு இருந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமை. விசாரணை ஆங்கிலத்தில். இவரைக் கொழும்புக்குக் கூப்பிட்டுக் கேட்டார்கள். இவர் தமிழில் சொன்னார், ஒருவர் மொழிபெயர்த்தார்.

"நான் சொன்னது இதான் மிஸ். 'வவுனியாவுக்கு லோடு ஏத்திட்டுப் போவாரு, அவருக்குக் காய்ச்சல்னு அன்னைக்கு இவரு போனாரு.' வேற என்னத்த நான் சொன்னேன்?"

வேறொன்றும் சொல்லவில்லைதான். ஆனால் மொழிபெயர்த்தவருக்கு அவசரம். முதல் துண்டில் போகிறவர் மற்றச் சாரதி, இரண்டாவது துண்டில் போனவர் கணவர் என்று அவர் நின்று பார்க்கவில்லை. 'ஹீ கோஸ் டு வவுனியா' என்று சொல்லிவிட்டார். வழக்கமாக வவுனியா போய்வருகிறவர் என்று பொருள்; போராளிகளோடு தொடர்பு என்று சந்தேகப்பட அது போதும். தட்டெழுத்தில் அது பதிவாகியும் விட்டது. வெளியே வந்த பிறகுதான் இவருடைய சட்டத்தரணி, கண்டியைச் சேர்ந்த ஒரு சிங்களவர், "ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார். அப்போதுதான் இவருக்கே தெரிந்தது.

அடுத்த அமர்வில் மறுபடியும் கேட்பார்கள், ஆனால் மொழிபெயர்ப்பாளர் மூலமாகவே மாற்றிச் சொன்னால் பேச்சை மாற்றுகிறாள் என்று நினைக்கக்கூடும் என்றாராம் சட்டத்தரணி. நேராக ஆங்கிலத்திலேயே சொல்ல முடிந்தால் நீதிபதி காது கொடுத்துக் கேட்பார் என்றும் சொல்லியிருக்கிறார். அதை அவர் ஒரு பேச்சுக்குச் சொல்லியிருக்கலாம். இவர் பிடித்துக்கொண்டார்.

"நான் வாறன் உங்களோட," என்றேன். "நான் மொழிபெயர்க்கிறன். ஒரு சொல்லும் மாறாமல் சொல்லுவன்."

 குடையிலிருந்து வடிந்த தண்ணீர் வாசலில் ஓடுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோவிச்சுக்காதீங்க மிஸ். நீங்க யாழ்ப்பாணம். உங்க ஐடென்டிட்டி கார்டப் பார்த்தா, எங்களுக்கும் அங்க ஆள் இருக்குன்னு சொல்லுவாங்க. அது அவருக்குத்தான் கெடுதல்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. என் பிறந்த இடத்தைப் பார்த்ததும் சாவடிகளில் முகங்கள் மாறுவதை நான் நாள்தோறும் பார்த்துவந்தேன்.

கண்டிக்கு நான் நியமனம் கிடைத்து வந்தது கலவரத்துக்குச் சில வருடங்கள் முன்பு. கலவர நாட்களில் என்னோடு படிப்பித்த ஒரு சிங்கள ஆசிரியை தன் வீட்டு அறையில் என்னைப் பூட்டிவைத்துக் காப்பாற்றினார். எங்கள் பாடசாலை அகதி முகாமானது. நான் படிப்பித்த வகுப்பறையில் குடும்பங்கள் பாய் விரித்துப் படுத்திருந்தன. யாழ்ப்பாணத்து வீட்டிலிருந்து வந்துவிடு, வந்துவிடு என்று சொல்லி அனுப்பினார்கள். நான் போகவில்லை. முகாம் கலைந்து மேசை கதிரைகளைத் திரும்ப அடுக்கியபோது கரும்பலகையைத் துடைத்தவர்களில் நானும் ஒருத்தி. பிறகு கல்யாணம் முடிந்தது. கணவரும் கண்டியிலேயே வங்கி வேலையில் இருந்தார். எத்தனையோ பேர் கனடா, லண்டன் என்று போனார்கள். நாங்கள் மகாவலிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வீடெடுத்து இருந்துவிட்டோம். இருப்பது என்று முடிவெடுத்த பிறகு, இருக்கிற இடத்தில் உருப்படியாக எதையாவது செய்ய வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெளிவாக இருந்தது.

அதனால் அவரிடம் சொன்னேன்: "சரி. அப்ப நீங்களே பேசுங்கோ. நான் பழக்கி விடுறன்."

அந்த நாட்களில் பேராதனையில் ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி நடந்திருந்தது. படிக்கிறவர் பேசும்போது குறுக்கே விழுந்து பிழை சொல்லாதீர்கள், வாய் அடைத்துப்போகும் என்று அங்கே சொன்னார்கள். அவர் பிழையாகச் சொன்னதை நீங்கள் சரியாகத் திருப்பிச் சொன்னால் போதும், பேச்சுப்போக்கில் அவர் காது அதைப் பிடித்துக்கொள்ளும் என்றார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் காலத்தில் பிழை விட்டால் பிரம்படிதான். இது மனுசத்தனமான வழி என்று நினைத்தேன்.

அவரிடமும் அப்படியே தொடங்கினேன்.

"மை ஹஸ்பண்ட் கோ வவுனியா," என்பார் அவர்.

"ஓ, ஹீ வென்ட் டு வவுனியா?" என்பேன் நான், தலையை ஆட்டிக்கொண்டு.

"யெஸ் மிஸ். கோ."

வாரங்கள் போயின. சொற்கள் சேர்ந்தன. லொறி, சாரதி, காய்ச்சல், மூட்டை எல்லாம் வந்தன. ஆனால் 'கோ' அசையவே இல்லை. ஒரு நாள் அவர் இரண்டு வாக்கியங்களைத் தொடர்ந்து சொன்னார். இரண்டிலும் 'கோ'. இரண்டையும் நான் வழக்கம்போல் திருப்பிச் சொன்னேன். அவர் சந்தோசமாகச் சிரித்தார். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

"நான் இப்ப என்ன சொன்னனான்?" என்று கேட்டேன்.

"நான் சொன்னதத்தான் மிஸ் சொன்னீங்க."

"அதே சொல்லா?"

அவர் யோசித்தார். "தலையாட்டுனீங்க. சரியாச் சொல்லிட்டேன்னு நெனச்சேன்."

நான் திருத்தம் என்று நினைத்ததை அவர் பாராட்டு என்று எடுத்திருக்கிறார். அவருடைய கவனமெல்லாம் அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பதில் இருந்தது. என் வாயில் ஒரு சொல் மாறி வருவதைக் கேட்க அவருக்கு எங்கே நேரம்?

இப்படி இப்படி, இது பிழை, இதுதான் சரி என்று கரும்பலகையில் எழுதி விளக்கினேன். 'கோஸ்' என்றால் போவார், வழக்கமாக. 'வென்ட்' என்றால் போனார், முடிந்துபோனது. அவர் எழுந்து பலகைக்குப் பக்கத்தில் வந்து அந்த இரண்டு சொற்களையும் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு எதிரே எழுந்து நின்றது அந்த மொழிபெயர்ப்பாளரின் வாக்கியம் என்று நினைக்கிறேன்.

"இத ஏன் மிஸ் இத்தன நாளாச் சொல்லல?"

"பேசேக்க குறுக்கிட்டால் உங்களுக்கு மனம் நொந்துபோகும் எண்டு."

"நான் கேம்ப் வாசல்ல நின்ன ஆளு மிஸ். இதுக்கெல்லாம் எனக்கு மனசு நோகாது. பிழைன்னா உடனே நிறுத்துங்க. அங்க போய் நான் பிழையாச் சொன்னா யாரு திருத்துவா?"

அன்றிலிருந்து பிழை வந்ததும் அவரை நிறுத்தினேன். ஒவ்வொரு முறையும்.

எல்லோருக்கும் இது ஒத்துவரவில்லை. வகுப்பில் நகருக்கு வெளியே திகனவிலிருந்து வரும் முஸ்லிம் துணிக்கடை முதலாளி ஒருவர் இருந்தார். சிங்கப்பூருக்குப் போய்த் துணி எடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அருவி மாதிரிப் பேசுவார், காலம் எழுவாய் எல்லாம் அதில் அடித்துக்கொண்டு போகும். ஒரு முறை அவரையும் நடுவில் நிறுத்திவிட்டேன். முகம் சிவந்துபோனது.

"டீச்சர், பிழைய பொறகு செல்லுங்க. முதல்ல பேச உடுங்க. எல்லாருக்கும் முன்னுக்கு நிப்பாட்டினா எனக்கு நாக்கு ஒட்டிக்கொளுது."

"சரி நானா," என்றேன், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் முறையில். அவருடைய பிழைகளை மனதில் குறித்துவைத்து, வகுப்பு முடிந்து மணிக்கூட்டுக் கோபுரத்தடி பஸ்ஸுக்கு நடக்கும்போது ஒவ்வொன்றாகச் சொல்வேன். அவரும் ஒழுங்காகக் கேட்டுக்கொள்வார். பயிற்சியில் சொன்னது அவரளவில் சரிதான். ஒரே மருந்து எல்லாருக்கும் கேட்காது என்பதுதான் நான் அந்த வகுப்பில் படித்தது.

அமர்வுக்கான நாள் நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகை வாசலில் குண்டு வெடித்தது. நகரம் முழுக்கக் கண்ணாடித் துண்டுகள். கடைகள் அடைத்துக் கிடந்தன. தமிழ் பேசுகிறவர்கள் பஸ்ஸில் வாயைத் திறக்கவில்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் சிப்பாய்கள் என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கி, அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, வெயிலில் நிற்க வைத்துக் கேட்டார்கள். யாழ்ப்பாணத்தில் யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது போனாய், இங்கே என்ன செய்கிறாய். பின்னேரம்தான் விட்டார்கள்.

தேவாலயத்துப் பாதிரியார் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுசர். கையைப் பிசைந்துகொண்டே, தமிழர் கூட்டம் கூடுகிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள், கொஞ்ச நாளைக்கு மண்டபம் வேண்டாம் என்றார். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் கணவர் ஒரு பெருமூச்சு விட்டார்.

"நல்லதுதானே. கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டுமன்."

"அந்த மனுசியின்ரை விசாரணை நிக்காதே."

"உம்மைப் பிடிச்சுக்கொண்டு போனால் நான் எந்த மேசைக்கு முன்னாலை போய் நிக்கிறது?"

 அவர் பயப்பட்டதில் நியாயம் இருந்தது. ஆனாலும் மறுநாள் காலையில் நான் திகனவுக்குப் பஸ் ஏறினேன். முதலாளியிடம் கேட்டேன்: உங்கள் கடைக்கு மேலே இடம் இருக்கிறதா?

அவர் கடைப்பையனிடம் தேத்தண்ணி கொண்டுவரச் சொல்லிவிட்டு, மேல்மாடிப் படியை எட்டிப் பார்த்தார்.

"மேல துணி மூட்டைகள்தான் கெடக்கு. ஒதுக்கித் தாறேன். தொழுகை நேரம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்க."

அப்படித்தான் வகுப்பு துணி மூட்டைகளுக்கு நடுவே வந்தது. முன்பு வந்தவர்களில் பாதிப் பேர்தான் வந்தார்கள். அந்தப் பெண் ஒரு நாளும் தவறவில்லை. கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து குண்டசாலை வழியாகத் திகனவுக்கு இன்னொன்று. வழி முழுக்கச் சாவடிகள். சிப்பாய்கள் "கொஹேத யன்னே?" என்று கேட்பார்கள், எங்கே போகிறாய் என்று. அவர் சுத்தமான சிங்களத்தில் பதில் சொல்லிவிட்டு வருவார். வந்து இறங்கியதும் முதல் வேலை, பஸ்ஸில் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியத்தை என்னிடம் சொல்லிக் காட்டுவது.

இப்போது நான் திருத்தும் விதத்தையும் மாற்றிக்கொண்டேன். தொடக்கத்தில், பிழை, இதுதான் சரி என்று நானே சொல்லிவந்தேன். அவரும் உடனே திருப்பிச் சொல்வார், அடுத்த நிமிடம் மறுபடியும் 'கோ' வரும். என் வாயிலிருந்து வந்தது என் காதுக்கே திரும்பியது, அவருக்குள் தங்கவில்லை. அதனால் பதிலைச் சொல்வதை விட்டேன். பிழை வந்தால் அவர் சொன்ன வாக்கியத்தை அந்த இடம்வரை சொல்லி நிறுத்துவேன். "தட் டே மை ஹஸ்பண்ட்..." என்று இழுத்துவிட்டுப் பார்ப்பேன். அவர் கண்ணை மூடுவார், உதடு அசையும், "வென்ட்" என்பார். சில நாட்களில் அதையும் விட்டேன். விரலை மட்டும் தூக்கினேன். எங்கே பிழை என்பதை அவரே தேடிப் பிடித்தார். சில நேரம் சரியாக இருந்த சொல்லைப் பிழை என்று மாற்றிவிட்டு, பிறகு அதையும் பிடித்துத் திரும்ப மாற்றுவார். களைத்துப்போவார். கண் கலங்கும். "இன்னொரு தடவ மிஸ்" என்பார்.

ஒரு நாள் முதலாளியை நீதிபதியாக உட்காரவைத்தோம். அவருக்கு அதில் ஏகப்பட்ட உற்சாகம். துணி அளக்கிற மேசைக்குப் பின்னால் கதிரையைப் போட்டு, மூக்குக்கண்ணாடியை நுனிக்கு இறக்கிக்கொண்டு கேட்டார்:

"ஒய் யுவர் ஹஸ்பண்ட் கோயிங் வவுனியா?"

"ஹீ கோயிங் வவுனியா பிகாஸ்..." என்று தொடங்கினார் அவர்.

நான் விரலைத் தூக்கினேன். அவர் நின்றார். இத்தனை நாள் நன்றாக வந்த 'வென்ட்' எங்கே போனது என்று இரண்டு பேருமே யோசித்தோம். பிறகு விளங்கியது. கேள்வி எந்தக் காலத்தில் வந்ததோ அந்தக் காலத்திலேயே பதிலும் போய்விட்டது. கேட்பவரின் பிழை அவர் வாயில் ஒட்டிக்கொண்டது.

"நானா, நீங்கள் பிழையாக் கேட்டது நல்லதாப் போச்சு," என்றேன்.

"என்ன பிழை? நான் என்ன பிழை கேட்டேன்?" என்று அவர் கண்ணாடியைக் கழற்றினார். அதை என்னைப் பஸ் ஏற்ற வரும்போது சொல்கிறேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். குண்டு வெடித்த பிறகு அந்த அறையில் கேட்ட முதல் சிரிப்பு அது.

அதன் பிறகு வேண்டுமென்றே பிழையான காலத்தில் கேட்கச் சொன்னேன். முதலாளிக்கு அது இயல்பாகவே வந்தது. 'கோஸ்' என்று கேட்பார், 'வில் கோ' என்று கேட்பார், 'எவ்ரி வீக் கோஸ்?' என்று மேசையைத் தட்டிக் கேட்பார். இவர் அசையாமல் நின்று, "நோ சர்" என்று தொடங்கப் பழகினார். 'நோ' சொல்லத்தான் அவருக்குக் கனநாள் எடுத்தது. பெரியவர்கள் கேட்டால் ஆமாம் என்று தலையாட்டிப் பழகிய வாய்.

"அப்படி மறுத்துச் சொன்னா மரியாதக் குறைவுன்னு நெனைப்பாங்களே மிஸ்."

"சர் எண்டு சேர்த்துச் சொல்லுங்கோ. குரலை உயர்த்தாதேங்கோ. ஆனால் விட்டுக்குடுக்காதேங்கோ."

கடைசி இரண்டு வகுப்புகளில் நான் விரலைத் தூக்குவதையும் நிறுத்திவிட்டேன். அவர் பிழை விட்டால் விட்டபடியே போகட்டும், தானே கேட்டுத் தானே திரும்பி வரட்டும் என்று கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு பிழை காதில் விழுந்ததும் வாய் தானாகத் திறக்கிற ஆள் நான். பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அவர் இரண்டு வாக்கியம் தாண்டிப் போய்விட்டு, நின்று, "சாரி சர். வென்ட்," என்று திரும்பி வந்தபோதுதான் மூச்சு விட்டேன்.

அமர்வு நாளன்று நான் பாடசாலையில் இருந்தேன். பிள்ளைகளுக்கு என்ன படிப்பித்தேன் என்று நினைவில்லை. அடுத்த நாள் காலையில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கணவர்தான் கதவைத் திறந்தார். கதிரையை இழுத்துப் போட்டு, இருங்கோ என்றார். வழக்கமாக வந்தவர்களை என்னிடம் விட்டுவிட்டுப் பத்திரிகையோடு உள்ளே போய்விடுகிறவர், அன்று அங்கேயே நின்றார்.

"உள்ளுக்குப் போனதும் நானே முந்திக்கிட்டேன் மிஸ்," என்று தொடங்கினார் அவர். "நான் இங்கிலீஸ்ல பேசட்டுமான்னு கேட்டேன். அந்த ஜட்ஜுப் பெரியவர் நிமிந்து பார்த்தாரு. சரின்னாரு. மொழிபெயர்க்கிறவரும் பக்கத்துலயேதான் இருந்தாரு. அதே ஆளு."

"பிறகு?"

"பெரியவர் பேப்பரப் பார்த்துக்கிட்டே கேட்டாரு. 'ஸோ, யுவர் ஹஸ்பண்ட் கோஸ் டு வவுனியா?' அப்படியே நம்ம துணிக்கடை முதலாளி கேக்குற மாதிரி. யெஸ்னு நாக்கு வரைக்கும் வந்துருச்சு மிஸ். முழுங்கிட்டேன். 'நோ சர்,'ன்னேன். 'நாட் கோஸ். வென்ட். ஒன் டைம் வென்ட். அனதர் டிரைவர் கோஸ். தட் டே ஹீ ஹேட் ஃபீவர். மை ஹஸ்பண்ட் வென்ட்.'"

சொல்லும்போது அவர் எழுந்து நின்றுவிட்டார். அங்கே நின்ற மாதிரியே கைகளைக் கோர்த்துக்கொண்டு நின்றார்.

"மொழிபெயர்க்கிறவர் நடுவுல என்னமோ சொல்ல வந்தாரு. பெரியவர் கையக் காட்டி நிப்பாட்டிட்டாரு. என்னைப் பார்த்து, 'ஹீ வென்ட் ஒன்ஸ்'னு சொன்னாரு."

"அதுக்கு நீங்கள்?"

"மொதல்ல மாதிரின்னா தலையாட்டிட்டு இருந்திருப்பேன். அவரு எனக்குத் திருத்திச் சொல்றாருன்னு சட்டுனு புரிஞ்சிருச்சு மிஸ். ஒன் டைம் இல்ல, ஒன்ஸ். 'யெஸ் சர். ஹீ வென்ட் ஒன்ஸ்'னு திருப்பிச் சொன்னேன். அவரு பக்கத்துல டைப் அடிக்கிறவர்கிட்ட அத அப்படியே அடிக்கச் சொன்னாரு."

என் கணவர் உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். அவர் எப்போதாவதுதான் அடுப்படிப் பக்கம் போவார்.

அந்தப் பெண்ணின் கணவரை உடனே விடவில்லை. அந்த வாக்கியம் பதிவான பிறகும் மாதங்கள் போயின. அந்தப் பெண் முகாமுக்குப் போய்வந்தார், வகுப்புக்கும் வந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் என் முகத்தைப் பார்த்து, "இன்னும் இல்ல மிஸ்" என்பார். பிறகு ஒரு முறை தடுப்பு உத்தரவைப் புதுப்பிக்காமல் கணவரை வெளியே விட்டார்கள். அவருடைய வாக்கியம்தான் அதைச் செய்தது என்று நான் சொல்ல மாட்டேன். சட்டத்தரணி எத்தனையோ கதவுகளைத் தட்டியிருந்தார். ஆனால் எதிராக நின்றது அந்த ஒரு வரிதான், அது இப்போது இல்லை என்று அவரே இவரிடம் சொல்லியிருக்கிறார்.

கணவர் வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். அந்த மனுசரை நான் முதன்முதலாகப் பார்த்தேன். உயரமானவர், தோள்கள் மட்டும் உள்ளே ஒடுங்கியிருந்தன. ஒரு காது கேட்காது. மனைவி அவருடைய மற்றக் காதுப் பக்கமாகவே உட்கார்ந்தார். லொறி ஓட்டுவதை விட்டுவிட்டார், பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மொத்தக் கடையில் சாமான் நிறுத்துக் கொடுக்கிற வேலை. சாப்பிட்டு முடியும்வரை அதிகம் பேசவில்லை. கை கழுவிவிட்டு வந்து, "இவ இங்கிலீஸ் பேசுனான்னு வக்கீல் சொன்னப்ப நான் நம்பல," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் மனைவி இலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

இனி அவர் வகுப்புக்கு வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வேண்டியது கிடைத்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை திகனவில் படியேறி வந்து, வழக்கமான மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன, இன்னும் படிக்கப் போறீங்களோ?"

"ஆமா மிஸ். இத்தன நாளு பதில் சொல்லத்தான் படிச்சேன். இனிமே கேள்வி கேக்கப் படிச்சுக் குடுங்க."

"என்ன கேள்வி கேக்கப் போறீங்கள்?"

அவர் எழுந்து நின்றார். கொழும்பில் நின்றதைக் காட்டியது போல் கைகளைக் கோர்க்கவில்லை. தொங்கவிட்டபடி நின்றார்.

"ஒய் யூ டேக் மை ஹஸ்பண்ட்?"

 முதலாளி எட்டிப் போய், வீதிப் பக்கத்து யன்னலைச் சாத்தினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் கேள்வியை யாரிடம், எங்கே, எப்போது கேட்கப்போகிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என் வேலை வேறு.

"ஒரு சொல் விட்டுட்டீங்கள்," என்றேன். "ஒய்க்குப் பிறகு."

அவர் கண்ணை மூடி, உதட்டை அசைத்துப் பார்த்தார்.

"ஒய் டிட் யூ டேக் மை ஹஸ்பண்ட்?"

"ஓம். இன்னொருக்காச் சொல்லுங்கோ," என்றேன். சொன்னார். இன்னும் பலமாக, இன்னொருக்கா என்றேன். வகுப்பு முடியும்வரை அந்த ஒரு கேள்வியைத்தான் படித்தோம்.